இடது மூலைக்குச் சாட்சி சொன்னவர்

குழு தொடங்கிப் பதினைந்து வருடம் நிறைகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. "உருக்கமா இருக்கட்டும். உங்களுக்குத்தான் அவங்களோட நெருக்கம்" என்று வக்கீல் செய்தி அனுப்பியிருக்கிறார். இந்த வக்கீல் நீதிமன்ற வாசலை மிதித்தவர் இல்லை. தண்ணீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் குழுவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: 'எங்கள் குழுவின் தாய்.'

அந்தத் தலைப்பைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்கா தன் ஒரே மகளுக்குத் தாய், வேறு யாருக்கும் இல்லை. தாய் என்று எழுதிவிட்டால் நாம் அவருக்குச் செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டதாகிவிடும் என்று ஒரு கணக்கு. அந்த வேலை என்னிடம் வேண்டாம். உருக்கமும் எனக்கு வராது. வருவது ஆத்திரம்தான். அதில் பெரும்பங்கு என் மேல். மிச்சத்தை உங்கள் இருநூற்றுப் பதினேழு பேருக்கும் பிரித்துக் கொடுக்கிறேன், சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியாட்கள் யாராவது படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஐம்பது வருடமாக வாசிக்கிற ஒரு ராக் இசைக்குழு. நான்கு பேர். பாடகரின் தலைமுடி உலகத்துக்கே தெரியும். கிட்டார்காரரின் மூன்று விவாகரத்தும் தெரியும். டிரம்ஸ்காரர் எத்தனை ஓட்டல் அறைகளை உடைத்தார் என்று பட்டியலே இருக்கிறது. நான்காவது ஆள், மேடையின் இடது மூலையில், வெளிச்சம் பாதி விழும் இடத்தில் நின்று, பாட்டின் அடிநாதமான பேஸ் கிட்டாரை வாசிப்பவர். இப்போது எழுபத்துமூன்று வயது. அவர் ஒருவருக்காக மட்டும் இணையத்தில் கூடிய ரசிகர் கூட்டம் நாங்கள். அவரைப் பெரியவர் என்போம்.

பேஸ் வாசிப்பவருக்கு ரசிகராகிறவர்கள் ஒரு தனி ஜாதி. குடும்பப் படத்தில் ஓரமாக நின்று பாதித் தோள் வெட்டுப்பட்டவர்கள். எங்கள் குழுவில் கிடங்குக் காவலர் இருக்கிறார், எக்ஸ்ரே எடுப்பவர் இருக்கிறார், கிரேன் ஓட்டுபவர் இருக்கிறார். நான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன், ஸ்பீக்கர் பெட்டி செய்கிறேன். குழுவை நிர்வகித்த அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எட்டாம் நம்பர் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

அந்தச் சலவைக்கூடத்தை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் அடித்தளம். நடுவே ஒரு சுவர். சுவரிலேயே பத்து இயந்திரங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கம் அழுக்குத் துணி உள்ளே போகும், அந்தப் பக்கம் சுத்தமாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கத்துக்குக் குளிக்காமல் போகக் கூடாது. அக்கா அழுக்குப் பக்கம். முழங்கை வரை கையுறை, கனமான ரப்பர் அங்கி, ரத்தமும் மருந்தும் ஊறிய போர்வைகள் வண்டி வண்டியாக. எட்டாம் நம்பர் சுழற்றிப் பிழியத் தொடங்கினால் தரை அதிரும். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால், இயந்திரம் உதறுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் வேகத்தைக் குறைத்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் எட்டாம் நம்பர் ஒருமுறைகூட நின்றதில்லை.

போர்வைக்குள் என்னென்னவோ வரும். கண்ணாடி, பல் செட், மோதிரம். ஒருமுறை யாரோ மடித்து வைத்த கடிதம். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. என்ன பொருள், எந்த வண்டியில் வந்தது, யார் கண்டெடுத்தது. கண்டெடுத்தவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பொருளே இல்லை என்று அர்த்தம். இந்த வழக்கத்தைத்தான் அக்கா எங்கள் குழுவுக்கும் கொண்டுவந்தார்.

குழு தொடங்கிய இரண்டாம் வருடம் எவனோ ஒருவன் பெரியவர் போய்விட்டார் என்று எழுதினான். ஒரு மணி நேரத்துக்குள் மெழுகுவத்திப் படங்கள், கறுப்புப் பட்டை, இரங்கல் கவிதை. வக்கீல்கூட நான்கு வரி பாடியிருந்தார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யார் பார்த்தது?" யாரும் பார்த்திருக்கவில்லை. பெரியவர் அன்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார், படம் மறுநாள் வந்தது. அன்றிலிருந்து ஒரு விதி. பெரியவரைப் பற்றி எது எழுதினாலும் கடைசி வரியில் 'சாட்சி' என்று போட்டு, யார் பார்த்தார், யார் கேட்டார் என்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத செய்தியை அக்கா அழித்துவிடுவார். பெரியவரின் முழங்கால் அறுவை, அவர் கிட்டாரின் தந்தி மாற்றியது, அவர் நாய் செத்தது, எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. வேறு ரசிகர் கூட்டங்கள் எங்களைக் கேலி செய்யும். எங்களுக்கோ அதில் தலைகால் தெரியாத பெருமை.

அக்காவுக்குப் பெரியவர் எப்படிக் கிடைத்தார் என்பதை எனக்கு அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சலவைக்கூடத்தில் யாரோ ஒரு ரேடியோ வைத்திருந்தார்களாம். பத்து இயந்திரமும் ஓடும்போது அதில் பாட்டு எங்கே கேட்கும்?

"பாட்டு என்னன்னே தெரியாது தம்பி. பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. அடியில ஒருத்தர் நிதானமா நடந்து போற மாதிரி ஒண்ணு மட்டும் கேட்டுச்சு. யாருடா இந்த மனுஷன், இவ்ளோ சத்தத்துலயும் அவசரப்படாம போறாருன்னு நெனச்சேன்."

பெரியவரைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. அவர் எப்போதும் டிரம்ஸுக்கு ஒரு துளி பின்னால்தான் வருவார். தவறுதலாக அல்ல, தெரிந்தே. அந்தத் துளியில்தான் நாங்கள் எல்லோரும் விழுந்து கிடக்கிறோம்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நல்ல வாயாடி. "எனக்கு ஒரு சக்களத்தன் இருக்கான். எழுபது வயசு, பல்லு பாதி இல்ல, ஆனா வீட்ல அவனுக்குத்தான் மரியாதை" என்பார். மகள் வேறு ஊரில் படிக்கிறாள். இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறையின் ஒரு மூலையில் நான் செய்து கொடுத்த பெட்டி.

அந்தப் பெட்டிக்கு இப்போது வருகிறேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பகல் நேரம் அக்கா என் கடைக்கு வந்தார். ஈயப் பற்றும் பழைய தூசியும் மணக்கிற என் கடையில் உட்கார ஒரே ஒரு முக்காலிதான். அதில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். காது பரிசோதனை அட்டை. அதில் ஒரு கோடு இடது பக்கம் நேராக வந்து, நடுவில் தலைகுப்புற விழுந்து, வலது பக்கம் பாதாளத்தில் கிடந்தது. இடது பக்கம் கீழ் ஒலி, வலது பக்கம் மேல் ஒலி. இருபது வருடம் இயந்திரத்தோடு நின்றதில் மேல் ஒலி முழுக்கப் போய்விட்டது. முதலில் கைபேசி மணி, அப்புறம் வாசல் மணி, அப்புறம் மகள் பேச்சில் பாதி எழுத்து. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பாடகரின் குரலும் கிட்டாரும் அவருக்கு வெறும் காற்று. பேஸ் மட்டும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால், மேலே இருந்த இரைச்சல் விலகியதும் முன்பைவிடத் தெளிவாக.

"இந்த அட்டைக்குத் தகுந்த மாதிரி ஒரு பொட்டி செஞ்சு குடுங்க. மேல போனது போகட்டும். கீழ இருக்கறதாவது முழுசா வரட்டும்" என்றார்.

செய்தேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், தடித்த பலகை. மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை வைக்கவே இல்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்தால் தோள்பட்டை வரை ஏறும். என் தொழிலில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பெட்டி. அளவு தேவைப்பட்டதால் அட்டையை என் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

எடுக்கும்போதே அக்கா சொன்னார். "இது வெளிய தெரிஞ்சா எட்டாம் நம்பர்ல இருந்து என்னைத் தூக்கிருவாங்க. மணிச் சத்தம் கேக்காதவங்க மிஷின்ல நிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. மணியோட சேர்ந்து செகப்பு விளக்கும் எரியுது. கையிலயும் தெரியுது. ஆனா விதியில கை பத்தி ஒண்ணும் போடல."

"நான் வாயே தெறக்க மாட்டேன்க்கா" என்றேன்.

இதைச் சொன்னவன் நான்தான். சாட்சியும் நான்தான்.

ஆறு வருடம் வாயைத் திறக்கவும் இல்லை. பிறகு பெரியவர் மீண்டும் மேடை ஏறினார். நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு சுற்று, பதினெட்டு ஊர், பதினெட்டுக் கச்சேரி. குழு திருவிழாக் கூட்டம்போல் ஆகிவிட்டது. வக்கீல் குழாய்க் கடையை மூடிவிட்டு விமானம் ஏறிப் போய் ஒரு கச்சேரியை நேரிலேயே பார்த்து வந்தார். முன்வரிசைக்கு நான்கு வரிசை பின்னால் நின்றாராம். அதைத் தினமும் ஒருமுறையாவது எங்களுக்கு நினைவூட்டினார். பதிவுகள் வந்து குவிந்தன. நான் கடையில் இருந்த நல்ல கருவிகளில் எல்லாம் போட்டுக் கேட்டு, ஒரு நீண்ட மதிப்புரை எழுதினேன். எழுபத்துமூன்று வயதில் பெரியவரின் கை முன்னைவிடக் கச்சிதம், ஒரு தட்டு பிசகவில்லை, இளமை திரும்பிவிட்டது என்று ஏகத்துக்கும் அளந்திருந்தேன். 'சாட்சி: நான், என் காது, என் கருவிகள்.' நூற்று அறுபது பேர் கைதட்டும் படம் போட்டார்கள். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் அக்கா எழுதினார். அப்படியே தருகிறேன். "நான்கு கச்சேரிப் பதிவையும் கேட்டேன். இது பெரியவர் வாசிப்பு இல்லை. அவர் டிரம்ஸுக்குப் பின்னால் வருவார், இவர் சரியாக டிரம்ஸோடு வருகிறார். ஆறாவது பாட்டில் கீழே இறங்கும் இடத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் தாழ்வாக விழுந்துவிட்டு எழுந்துகொள்வார், ஐம்பது வருடமாக. இவர் விழவே இல்லை. நான்கிலும் விழவில்லை. வேறு யாரோ வாசிக்கிறார்கள். சாட்சி: நான்."

அவ்வளவுதான் எழுதினார். பெரியவரைக் குறை சொல்லி ஒரு சொல் இல்லை.

குழு கொதித்தது. கண்ணால் பார்த்தேன், விரல் அசைந்தது, படம் இருக்கிறது என்று வக்கீல் கத்தினார். எழுத்திலும் அவரால் கத்த முடியும். பெரியவரைப் பொய்யர் என்கிறாரா என்று ஒருவர். வயதானால் வாசிப்பு மாறாதா என்று ஒருவர். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காசு செலவழித்துப் போனவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கிறார் என்று ஒருவர். பதின்மூன்று வருடமாக இவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்திய பெண்ணை ஒரே மாலைக்குள் வயிற்றெரிச்சல்காரி ஆக்கிவிட்டார்கள்.

எனக்கும் கோபம். என் கோபம் இவர்களுடையதைவிடக் கேவலமானது. அக்கா சொன்னது சரியென்றால் என் மதிப்புரை குப்பை. கச்சிதம் கச்சிதம் என்று நான் கொண்டாடியது வேறு எவனுடைய கையையோ. தொழில்காரன் நான், கருவி வைத்திருப்பவன் நான், எனக்குக் கேட்காதது ஒரு அரைக்காதுப் பெண்ணுக்கு எப்படிக் கேட்கும்? இப்படித்தான் நினைத்தேன், இதே சொற்களில். அக்காவுக்குத் தனியாக எழுதினேன்: "அதை எடுத்துடுங்க அக்கா, வீண் சண்டை." அவர் பதில் எழுதினார்: "கேட்டதைத்தானே சொன்னேன்?"

மறுநாள் நண்பகல் யாரோ குழுவில் என்னை இழுத்தார்கள். "பெட்டிக்காரர் சொல்லட்டும். அவர்தான் தொழில் தெரிந்தவர்." எதிரில் ஒரு வாடிக்கையாளர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். இருங்கள் என்று அவரிடம் கை காட்டிவிட்டு எழுதினேன்: "இதைச் சொல்லும் நிலையில் அக்காவின் காது இல்லை."

வக்கீல் உடனே வந்தார். "சாட்சி எங்கே? சாட்சி இல்லாமல் யாரும் யாரைப் பற்றியும் எழுதக் கூடாது. இது அக்காவே போட்ட விதி."

கைபேசியில் அந்த அட்டையைத் தேடினேன். கிடைத்தது. போட்டேன். கீழே 'சாட்சி: நான். அட்டையைக் கொடுத்தவர் அக்காவேதான்' என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வாடிக்கையாளரைப் பார்த்து என்ன பிரச்சினை என்று கேட்டேன். ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றார்.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. வேறு எந்தக் கூட்டத்திலாவது நான் இதைச் சொல்லியிருந்தால் சும்மா பேச்சு என்று போயிருக்கும். நம் கூட்டத்தில் போகாது. இங்கே சாட்சி கேட்பார்கள், கொடுத்தாக வேண்டும். அக்கா கட்டிய ஒழுங்கைக் கொண்டே அக்காவை அடித்தோம். நான் விதியைத் துளியும் மீறவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளரும் நம் குழுவில் இருந்தார். நல்ல ரசனை உள்ளவர் என்று அக்காதான் சேர்த்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அட்டையைப் போட்ட அந்த அரை நிமிடத்தில் அது நினைவுக்கு வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், வந்தது. வந்தும் போட்டேன்.

இரண்டு நாளில் அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா தெரியாத மாதிரியே இருந்திருப்பேன்க்கா. எல்லாரும் பாத்துட்டாங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பாத்தியே, ஏன் சொல்லலன்னு என்னைத்தான் கேப்பாங்க" என்றாராம். புதிதாகக் காது பரிசோதனை, புதிதாக ஒரு அட்டை, அதே கோடு. எட்டாம் நம்பரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அக்காவைச் சுவரின் அந்தப் பக்கம், தள்ளியிருக்கும் மடிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நீண்ட மேசை. எதிரெதிரே இருவர் நின்று போர்வையின் நான்கு மூலையைப் பிடித்து மடிக்க வேண்டும். பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம்.

அன்று சாயங்காலம் அக்கா குழுவுக்கு வந்தார். ஒன்றும் எழுதவில்லை. நிர்வாகப் பொறுப்பை வக்கீலுக்கு மாற்றிக் கொடுத்தார், தான் போனால் குழு அந்தரத்தில் நின்றுவிடக் கூடாது என்று. பிறகு 'வெளியேறினார்' என்ற வரி. அதற்குக் கீழே மூன்று நிமிடத்தில் ஒருவர், பெரியவரின் தொப்பி எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார். போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் சொன்ன பதினான்கு பேரும் இருக்கிறார்கள்.

நான்கு மாதம் கழித்துப் பெரியவர் ஒரு பேட்டியில் வாயைத் திறந்தார். இரண்டு வருடமாகவே இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்ததாம். சுற்றை நிறுத்தினால் உடனிருக்கும் நாற்பது பேருக்கு வேலை போகும். அதனால் அவர் முன்னால் நின்று விரலை அசைத்தார், திரைக்குப் பின்னால் வேறொருவர் வாசித்தார், பதினெட்டு ஊரிலும். "யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது" என்றாராம்.

நம் குழுவில் கண்ணீர் ஆறாய் ஓடியது. எப்பேர்ப்பட்ட தியாகம், எப்பேர்ப்பட்ட மனசு. வக்கீல் மீண்டும் நான்கு வரி பாடினார். அன்று வந்த ஐந்நூற்றுச் சொச்சம் செய்திகளையும் நான் எண்ணிப் பார்த்துப் படித்தேன். அவற்றில் ஒன்று, ஒரே ஒன்று: "அக்கா அப்பவே சொன்னாங்க இல்ல?" அதற்குப் பதினோரு கட்டைவிரல். அடுத்த செய்தியில், திரைக்குப் பின்னால் வாசித்தது யார் என்ற ஆராய்ச்சி. நான் பொறுக்க முடியாமல், அந்த மனிதருக்காக அழுகிறீர்களே, இந்தப் பெண்ணிடம் ஒருவராவது மன்னிப்புக் கேட்டீர்களா என்று எழுதினேன். பழசைக் கிளறாதீர்கள் என்றார்கள். அட்டையைப் போட்டது நீங்கள்தானே என்றும் ஒருவர் எழுதினார். அது நியாயம்தான்.

நான் மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசினேன். விதி விதிதான் என்றார். அட்டையில் இருப்பது பொய்யா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மலர். போன மாதம் பெரியவர் பெயரில் ஒரு புதுப் பாட்டு வெளிவந்திருக்கிறது. விரல் தேறிவிட்டது, தானே வாசித்தேன் என்கிறார். ஒருமுறை ஏமாந்தவர்கள் அல்லவா, குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அவரேதான் என்று பாதிப் பேர். நிச்சயம் இல்லை என்று பாதிப் பேர். யாரிடமும் சாட்சி இல்லை. வக்கீலுக்கு ஒரு யோசனை: "அக்காவையே கேட்போம். மலர்ல அவங்க சாட்சி போட்டு வந்தா கம்பீரமா இருக்கும். குழுவுக்கும் மரியாதை." அந்தச் செய்தியைப் படித்தபோது கைபேசியைச் சுவரில் அடிக்கத்தான் போனேன். அடிக்கவில்லை. அதைக் காரணமாக வைத்தாவது அக்காவின் முகத்தைப் பார்க்கலாமே என்று ஒரு கோழை ஆசை.

விடுமுறை நாள் மதியம் போனேன். கணவர் கதவைத் திறந்தார். வழக்கமாக வாய் ஓயாத மனிதர், வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, இன்னொரு அட்டை வேணுமா?" என்றார்.

"அக்காவைப் பாக்கணும்ணே."

"பாத்து? அவ இப்ப வீட்லயும் கண்ணுல பட்டதையெல்லாம் மடிச்சுக்கிட்டே இருக்கா. பேப்பரை மடிக்கிறா, கைக்குட்டையை மடிக்கிறா. ராத்திரி தூக்கத்துல என் சட்டை ஓரத்தைப் புடிச்சு மடிக்கிறா. இருபத்தாறு வருஷம் மிஷின் மேல இருந்த கை அது. உங்க பாட்டுக் கச்சேரிச் சண்டையில அதைப் புடுங்கிட்டீங்க."

அவர் என்னை முறைத்துவிட்டு, "போய்த் தொலைங்க உள்ள" என்று விலகினார்.

அக்கா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி அதே மூலையில் இருந்தது, மேலே துவைத்த துணி அடுக்கியிருந்தது. அவர் என் வாயைப் பார்க்க வசதியாக எதிரே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், தப்புப் பண்ணிட்டேன்க்கா என்று மட்டும்தான் வந்தது.

"நீங்க பொய் சொல்லலியே தம்பி" என்றார் அக்கா. "அட்டையில இருந்ததைத்தான் போட்டீங்க. அதான் எனக்கு ஆத்திரம். பொய்யா இருந்திருந்தா நான் மறுத்திருப்பேன். உண்மையை எடுத்து இப்படி அடிச்சா மனுஷி எங்க போறது?"

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மடிக்கிற ரூம் எப்படிக்கா இருக்கு?"

"அங்க தரையில உசுரே இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் என் மிஷின் ஓடுது, இந்தப் பக்கம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. புதுசா வந்தவங்க ரெண்டு தடவை நிறுத்திட்டாங்களாம்."

வந்த காரியத்தைச் சொன்னேன். மலர், சாட்சி, புதுப் பாட்டு, எல்லாம். சொல்லும்போதே நாக்கு கூசியது. அக்கா எழுந்து பெட்டி மேலிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "போடுங்க" என்றார்.

என் கைபேசியைப் பெட்டியோடு இணைத்துப் பாட்டைப் போட்டேன். அக்கா உள்ளங்கையைப் பலகை மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். முதல் நிமிடம் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடம் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. பாட்டு கீழே இறங்கும் ஓர் இடம் வந்தது. அங்கே அக்காவின் இன்னொரு கை மடியில் கிடந்த துண்டை மடிப்பதை நிறுத்தியது. பாட்டு முடியும்வரை அந்தக் கை அசையவில்லை. முடிந்தபோது கண்ணில் நீர் நிறைந்திருந்தது. துக்கமா சந்தோஷமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு விடை தெரிந்துவிட்டது. அது மட்டும் எனக்குப் பட்டப்பகல்போல் தெரிந்தது.

"அவராக்கா?"

என் வாயைப் பார்த்தார். "யாரு கேக்கறது?"

"குழுதான்க்கா."

"அப்ப இப்படி எழுதிக்குங்க. அந்தம்மாவுக்குக் காது கேக்காது, அதனால சொல்ற நெலமையில இல்லன்னு. ஏற்கெனவே நீங்க எழுதினதுதான். சாட்சியும் நீங்கதான்."

கணவர் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரிக்கவில்லை. நான் எழுந்தேன். அக்கா என் கைபேசியைக் காட்டி, "அந்தப் பாட்டை எனக்கு அனுப்பிட்டுப் போங்க" என்றார். அனுப்பினேன். நான் செருப்பை மாட்டுவதற்குள் உள்ளே பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திய பிறகும் வாசல் படி என் காலுக்குக் கீழே மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

வக்கீல் இதுவரை ஒன்பது முறை கேட்டுவிட்டார். "ஒரே வார்த்தை. அவரா, இல்லையா?" எனக்கும்தான் தெரிய வேண்டும். கடை நிறையக் கருவி வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் இருநூற்றுப் பதினேழு பேரில் ஒருவருக்கும் பிடிபடாது. பிடிபட்ட ஒரே ஆளின் கையை இயந்திரத்திலிருந்து பிடுங்கிப் போர்வை மடிக்க வைத்தது நாம். இனி பெரியவர் என்ன வாசித்தாலும் அது அவர்தானா என்று சொல்ல நமக்கு ஆள் இல்லை. இப்படியேதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மலருக்கு என்னால் தர முடிந்த செய்தி இதுதான். அக்கா பாட்டைக் கேட்டார். அவருக்குத் தெரியும். நமக்குச் சொல்லவில்லை.

சாட்சி: நான்.